மேகாத்தில் ஒரு முன்வாசல்

அண்ணாச்சி, அந்தக் காலைக் கொஞ்சம் உள்ள இழுத்து வச்சுக்கிடுதீங்களா? கம்பி இடிச்சிரும். சாக்குதான சுத்தியிருக்குன்னு நினைக்காதீங்க, முனை கூரா இருக்கு. தென்காசியில ஏறும்போதே கண்டக்டர் சத்தம் போட்டார், இதையெல்லாம் மேல கட்டக்கூடாதான்னு. மேல கட்டினா காத்துல ஆடும். ஆடி ஆடித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கு. இனிமே இது மேல காத்து பட நான் விடமாட்டேன். அதான் சீட்டுக்கு அடியில நீளவாக்குல திணிச்சு வச்சிருக்கேன்.

பந்தலோட கை இது. கல்யாணப் பந்தல் இல்ல, கேரவன் பந்தல். ஆமா, கேரவனேதான். நம்ம சொந்த வண்டி. உள்ள கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, குளிக்க இடம் இருக்கு. சினிமாக் கம்பெனி ஒண்ணு வித்த பழைய வண்டி. எங்க கொண்டு போய் நிறுத்தினாலும் நாலு பேர் கூடிருவாங்க, யார் வந்திருக்கா, எங்க ஷூட்டிங்னு. கதவைத் திறந்துக்கிட்டு என் வீட்டுக்காரி கையில துடைப்பத்தோட இறங்குவா. அவங்க மூஞ்சி போற போக்கைப் பாக்கணும் நீங்க.

என் பேரு குத்தாலிங்கம். ரயில்வேயில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். எல்லாம் சின்னச் சின்ன ஸ்டேஷன். பொட்டல்ல ஒரு கட்டடம், ஒரு வேப்பமரம், ஒரு தண்ணித்தொட்டி, பின்னால ஒரு குவாட்டர்ஸ். ரயில் வரும், பச்சைக் கொடி காட்டுவேன், போயிரும். ஜன்னல்ல ஒவ்வொரு மூஞ்சியா ஓடும். அவன் எங்கயோ போறான், இவன் எங்கயோ போறான், நான் அங்கனயே நிக்கேன். வேலை பாத்த காலம் பூரா இதே நினைப்புதான், பாத்துக்கிடுங்க. ஒரு நாள் நம்மளும் போகணும். இறங்க வேண்டிய ஊருன்னு ஒண்ணு இல்லாம போகணும்.

ஆவுடைக்கும் அதுதான் ஆசைன்னு வச்சுக்கிடுங்க. ஆவுடைன்னா என் வீட்டுக்காரி. பிள்ளை இல்ல எங்களுக்கு. நானும் அவளும்தான். எனக்கு டிரான்ஸ்பர் வரும்போதெல்லாம் அவ ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. தகரப் பெட்டியை இழுத்து நடுவீட்டுல போடுவா, சாமி படத்தைக் கழட்டித் துணியில சுத்துவா, செடி எதுவும் வச்சிருந்தா பக்கத்து வீட்டுக்காரிகிட்டத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு வந்து வண்டியில ஏறிருவா. இடம் மாறுதது அவளுக்கு ஒரு விஷயமே இல்ல. அப்பிடிப் பழகினவ. அதனாலதான் எனக்கும் தைரியம் வந்தது.

ரிட்டயர்டு ஆன பொறவு ஆழ்வார்குறிச்சியில ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். வீடு கட்டலாம்னு ஒரு பேச்சு இருந்தது. பேச்சுதான். அவ ஒரு நாள் குச்சியை எடுத்துட்டு வந்து மண்ணுல கோடு போட்டா. இது அடுப்படி, இது சாமி வைக்க, இது முன்வாசல். முன்வாசலை மட்டும் ரொம்பப் பெரிசாப் போட்டா. எதுக்குட்டி இம்புட்டுன்னு கேட்டேன். "குவாட்டர்ஸ்ல எங்க இருந்துது முன்வாசல்? கதவைத் திறந்தா தண்டவாளம்"னா. மூலையில ஒரு முருங்கைக் கொம்பையும் ஊனி வச்சா. அது பிடிச்சுக்கிட்டு வளந்துட்டு.

அந்த வண்டி விலைக்கு வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. மனையைக் குடுத்தாத்தான் வண்டி. அவகிட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தா. அப்புறம், "உங்க இஷ்டம்"னா. பாத்தீங்களா? ஒரு மறுப்பு இல்ல. வேற ஒருத்தியா இருந்தா என்ன ஆட்டம் ஆடியிருப்பா.

ஆனா எனக்கு மனசாட்சி இருக்குல்லா. அவ கேட்டது முன்வாசல். அதை நான் குடுக்கணும்லா. வண்டிக்காரன் பக்கவாட்டுல மேல இருந்த ஒரு நீளப் பெட்டியைக் காட்டினான். ஹேண்டிலை மாட்டிச் சுத்தச் சுத்த உள்ளருந்து துணி வருது, ரெண்டு கை நீளுது, முன்னால ரெண்டு கால் இறங்கித் தரையில நிக்குது. நல்ல பெரிய சாய்ப்பு. கம்பெனிப் பேரு என்னமோ சொன்னான், நாங்க பந்தல்னுதான் சொல்லுவோம். அதுக்குக் கீழ நின்னு சொன்னேன், "ஆவுட, இந்தா உன் முன்வாசல். ஊருக்கு ஊர் முன்வாசல். எந்த ராசாத்திக்கு இருக்குட்டி இது?" அவ தலையைத் தூக்கித் துணியைப் பாத்தா. "வெயிலுக்கு நல்லாருக்கும்"னா. சந்தோசம் அவளுக்கு. அவ காட்டிக்கிட மாட்டா.

நல்லாத்தான் இருந்தது அண்ணாச்சி. ராமேஸ்வரம், தொண்டி, வேதாரண்யம்னு சுத்தினோம். எங்க நிறுத்தினாலும் முதல்ல பந்தலை இறக்கிருவேன். அவ விடியக்காலத்துல கீழ தண்ணி தெளிச்சு ஒரு கோலம் போடுவா. கடற்கரை மணல்லகூடப் போட்டிருக்கா. போட்டு முடிச்சிட்டுப் பக்கத்துல யாரும் பொம்பளைங்க இருக்காங்களான்னு பாப்பா. யாராவது இருந்தா பேசிக்கிட்டு இருப்பா. நான்தான், போவமா, போவமான்னு அரிப்பேன்.

வினை எங்க வந்துச்சுன்னா, போன ஆனி மாசம் குத்தாலத்துச் சீசனுக்கு வந்ததுல. நம்ம ஊர்ப்பக்கம், சாரல் விழும், அருவி இருக்கு, அங்க ரெண்டு மாசம் இருப்போம்னு இலஞ்சிக்குப் பக்கத்துல ஒரு தென்னந்தோப்புல வண்டியைப் போட்டேன். தோப்பு வாசல்ல பேச்சின்னு ஒருத்தி பஜ்ஜிக் கடை போட்டிருந்தா. வந்த அன்னைக்கே ஆவுடையும் அவளும் ஒட்டிக்கிட்டாங்க. இவ வாழைக்காய் சீவிக் குடுப்பா, அவ டீ கொண்டாந்து குடுப்பா. பந்தலுக்குக் கீழ ரெண்டு பேரும் உக்காந்து பேசுத பேச்சு, எனக்கு ஒரு காது போதாது.

மேகாத்துன்னா தெரியும்லா உங்களுக்கு? மேக்க கணவாய் வழியா வாரது. நாங்களும் இந்த மண்ணுல பிறந்தவங்கதான், ஆனா வீட்டுக்குள்ள இருந்து பாக்குத காத்து வேற, துணிக்குக் கீழ இருந்து பாக்குத காத்து வேற. முத நாள் லேசாத் துணியைத் தூக்கித் தூக்கிப் பாத்துது, ஏதோ கடைக்காரன் சேலையை விரிச்சுக் காட்டுத மாதிரி. ரெண்டாம் நாள் கீழருந்து ஒரு குத்து விட்டுது பாருங்க, முன்கால் ரெண்டும் தரையை விட்டு எந்திரிச்சு நின்னுது. ஆவுடை கையில இருந்த டம்ளரைப் போட்டுட்டு உள்ள ஓடிட்டா.

அன்னைக்கு ஆரம்பிச்சது எனக்கும் காத்துக்கும்.

உரச் சாக்குல மணலை அள்ளிக் கட்டி ரெண்டு காலுக்கும் வச்சேன். இரும்பு முளை அடிச்சுக் கயிறு போட்டேன். கயிறு வெடுக்குன்னு இழுத்தா துணி கிழியும்னு நடுவுல சைக்கிள் டியூப் வச்சுக் கட்டினேன், அது கொஞ்சம் குடுத்து வாங்கும். மழைத்தண்ணி தேங்காம ஒரு பக்கம் தாழ்த்தி வச்சேன். மேல குறுக்க ஒரு நாடாப் போட்டு இறுக்கினேன். என் பழைய பச்சைக் கொடியை ஒரு கம்புல கட்டி நட்டேன். கொடி தொங்கினா நிம்மதி. படபடத்தா எந்திரிச்சு நிப்பேன். நேரா விறைச்சுக்கிட்டு நின்னா ஓடுவேன். சாப்பிடும்போதும் கண்ணு அதுலதான். அவ என்ன சொன்னா, என்ன கேட்டா, ஒண்ணும் காதுல விழாது. அவளுக்காக அம்புட்டுக் கருத்தாப் பாத்தேன்.

மடக்கி வச்சிருந்தா என்னன்னுதான நீங்க கேக்குதீங்க? உங்க முழியே சொல்லுது. அவளும் இதைத்தான் சொன்னா. "மடக்கிருங்களேன், நான் உள்ள இருந்துக்கிடுதேன்." சீசன் பூரா இதே பல்லவி. அவ அப்பிடித்தான் அண்ணாச்சி, தனக்குன்னு ஒண்ணு கேக்க மாட்டா. வாய் மடக்குங்கும், மனசு முன்வாசலுக்கு ஏங்கும். முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா? மடக்கி வைக்கதுக்கா மனையை வித்தோம்?

தோப்புல காத்து நேரா அடிக்குன்னு வண்டியை எடுத்து ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால போட்டேன். அங்க ஒரு வாரம் நல்லாருந்துது. மில்லுல வேலை பாக்குத ரெண்டு பொம்பளைங்களை இவ பிடிச்சுக்கிட்டா. மாங்கா ஊறுகாய் போடுவோம்னு ஜாடி வாங்கினா. அப்புறம் காத்து திசை மாறிச்சு. சுவத்துல மோதித் திரும்பி வந்து பந்தலை அடிக்கி. உடனே எடுத்து மேலகரத்துல ஒரு கல்யாண மண்டபத்துச் சுவரோரமாப் போட்டேன். "டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துட்டா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு ஜாடியை மடியில வச்சுக்கிட்டு முன்சீட்டுல உக்காந்தா. நான் சிரிச்சேன். நல்லா நக்கல் பேசுவா அவ.

மண்டபத்துக்குக் கல்யாணக் கூட்டம் வந்துது, வண்டியை எடுக்கச் சொல்லிட்டான். அப்பத்தான் அவ வாயைத் திறந்து ஒண்ணு கேட்டா. "பேச்சி கடைப்பக்கமே போயிருவமா? இனிமே அங்கருந்து எடுக்காண்டாம்." அவ கேட்ட ஒரே விஷயம் அது. சரின்னேன். காத்து நேரா வார இடம்னு தெரிஞ்சும் சரின்னேன். அதனால நடந்ததுக்கு நான் அவளைக் குத்தம் சொல்லமாட்டேன். கேட்டா, செஞ்சேன், அம்புட்டுதான்.

ஆடி பிறந்து நல்ல வெயில் அடிச்ச ஒரு நாள். காலையில சாரல் விழுந்து விட்டுருந்துது. கொடி தொங்கிக்கிட்டு கிடந்தது. பந்தலைச் சுத்துத ஹேண்டில் இருக்குல்லா, அதோட கொக்கி தேஞ்சு வழுக்க ஆரம்பிச்சிருந்துது. அவசரத்துக்குச் சுத்தும்போது வழுக்கினா என்ன ஆகும்? அதைத் தூக்கிக்கிட்டுத் தென்காசிக்கு, ஒரு லேத்துக் கடைக்குப் போனேன். பந்தல் விரிச்சபடிதான் இருந்தது. அவ கீழ உக்காந்து பேச்சிக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. "மடக்கிட்டுப் போங்க"ன்னா. "வெயிலு அடிக்கி, நிழல் வேண்டாமா உனக்கு, இந்தா வந்துருதேன்"னு போயிட்டேன்.

லேத்துல கரண்ட் இல்ல. வரும் வரும்னு நிக்கேன். போன் வந்துது.

"இங்க காத்து எந்திரிக்கி. மடக்க ஹேண்டிலும் இல்ல. என்ன செய்ய?"

"சாக்கைக் கால் மேல ஏத்து. முளையில கயிறு இறுக்கமா இருக்கான்னு பாரு."

"ஒரு முளை பிடுங்கிட்டு வந்துட்டு."

"கல்லை எடுத்து அடி. நான் கிளம்பிட்டேன்."

கிளம்பல அண்ணாச்சி, அப்பத்தான் கரண்ட் வந்திருந்துது. லேத்துக்காரன் கொக்கிக்கு வெல்டிங் வைக்க ஆரம்பிச்சிட்டான். இந்தா முடிஞ்சிரும்னு நிக்கேன். திரும்பவும் போன். இந்தத் தடவை அவ பேசுதது பாதி கேக்கல, காத்துதான் பேசுது.

"காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். தூக்குது."

"விட்டுராத. நல்லாப் பிடிச்சுக்கோ. வந்துட்டேன், விட்டுராத."

அவ விடல. அதைச் சொல்லணும். ஆள் எலும்பும் தோலுமா இருப்பா, ஒரு குடம் தண்ணியை இடுப்புல வச்சா வளைஞ்சிருவா. அப்படிப்பட்டவ, மேகாத்துல அந்த அலுமினியக் காலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. பேச்சி கத்தியிருக்கா, விடுங்கக்கா, விடுங்கக்கான்னு. "அவங்க விடக்கூடாதுன்னிருக்காங்க"ன்னு சொல்லிக்கிட்டே நின்னிருக்கா. பேச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பந்தல் மேல அவளுக்கு அம்புட்டு உசிரு.

ஆட்டோவை விட்டு இறங்குதேன். முன்கால் ஒண்ணு பிடுங்கிக்கிட்டு மேல நிக்கி. பந்தலோட இந்தக் கை நடுவுல மடங்கித் தொங்குது. துணி பெட்டியை விட்டுக் கிழிஞ்சு போயிருக்கு. அவ ஈர மண்ணுல உக்காந்திருக்கா, இடது தோளை வலது கையால பிடிச்சுக்கிட்டு. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. "என்ன, இருக்கியா?"ன்னேன். "இருக்கேன்"னா.

அப்ப அந்தத் துணி வயக்காட்டுல உருண்டு போயிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. கண்ணுக்கு முன்னால. எந்திரிக்கி, விழுது, எந்திரிக்கி. இன்னும் கொஞ்சம் விட்டா கால்வாயைத் தாண்டிரும், அப்புறம் எங்க போய்த் தேட? "அப்பிடியே இரு, இந்தா வந்துருதேன்"னு சொல்லிட்டு ஓடினேன். அவ இங்கனதான இருக்கா. துணிதான போயிக்கிட்டு இருக்கு. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

சொல்லுங்க. இல்ல, பரவால்ல, சொல்ல வேண்டாம்.

நெல்லு நட்டிருந்த வயல். முழங்கால் வரைக்கும் சேறு. இந்த வயசுல நான் ஓடின ஓட்டத்தைப் பாத்து வரப்புல நின்னவங்க சிரிச்சாங்க. கடைசியில ஒரு முள்வேலியில மாட்டிக்கிட்டு. ஒவ்வொரு முள்ளா, கிழியாம எடுத்தேன். ஈரத் துணி, என்ன கனம் தெரியுமா. மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு ஜெயிச்சுட்டேன்னு வாரேன், வண்டிப்பக்கம் ஆளைக் காணோம். பேச்சி கடையில அடுப்பு எரியுது, எண்ணெய் கொதிக்கி, ஒருத்தரும் இல்ல. அடுப்பைக்கூட அணைக்காம அவளைத் தூக்கி ஆட்டோவுல போட்டுக்கிட்டுப் போயிருக்கா அந்தப் பொம்பளை. நான்தான் அணைச்சேன். கடையே எரிஞ்சிருக்கும்.

காரை எலும்பு முறிஞ்சிருந்துது. மணிக்கட்டும். ஆஸ்பத்திரியில கட்டில்ல கண்ணை மூடிப் படுத்திருந்தா. அவளுக்கு ஆறுதலா இருக்கும்னு துணியைக் கையோட கொண்டு போயிருந்தேன். விரிச்சுக் காட்டினேன். "ஆவுட, கண்ணைத் திற. பாரு, போகல. பிடிச்சிட்டேன்." கண்ணைத் திறந்து துணியைப் பாத்தா, என்னைப் பாத்தா. என் முழங்கால்ச் சேத்தையும் பாத்தா. அப்புறம் சுவத்துப்பக்கமாத் திரும்பிக்கிட்டா. முறிஞ்ச தோளோட திரும்புதது எம்புட்டு வலிச்சிருக்கும். பேச்சிதான் என்கிட்ட வந்து, "அண்ணாச்சி, முதல்ல அதை வெளிய வச்சிட்டு வாங்க"ன்னா. ஈரத்துணியில சளி பிடிக்கும்னு நினைச்சிருப்பா.

புளியங்குடியில அவ தங்கச்சி இருக்கா, செண்பகம். கார் பிடிச்சுக்கிட்டு வந்துட்டா. நான் சொன்னேன், கார் எதுக்கு, நம்ம வண்டியில மெத்தை இருக்கு, படுத்துக்கிட்டே போகலாம்னு. ஆவுடை தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு நேராப் போய்க் காருல உக்காந்துட்டா. வண்டிப்பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தா அழுதுருவோம்னு பயம்.

அதுக்குப் பொறவு என் பொழைப்பைக் கேக்காதீங்க. வண்டியில நான் ஒருத்தன். முன்ன உள்ள இடமே இல்லாத மாதிரி இருக்கும், அவ மேல இடிச்சுக்கிட்டுத்தான் திரும்பணும். இப்ப அந்த வண்டியே பெரிசாயிட்டு. சோறு வடிக்கேன், குழைஞ்சு போகுது. திங்க மாட்டாம நாய்க்குப் போடுதேன். ஒரு நாள் கோலப்பொடியை எடுத்துக்கிட்டு இறங்கினேன், நம்மளே ஒண்ணு இழுத்துப் பாப்போம்னு. மேல பந்தல் இல்ல, காத்து நேரா இறங்குது. நான் கையை எடுக்குததுக்குள்ள பொடி போயிருது. குனிஞ்சு குனிஞ்சு போட்டேன். பேச்சி பாத்துக்கிட்டே நின்னா. என்கிட்ட அவ பேசுததை நிறுத்தி நாளாச்சு. ஏன்னு தெரியல.

போய்ப் பாக்காமலா இருந்தேன்? வண்டியை எடுத்துக்கிட்டே புளியங்குடிக்குப் போனேன். தெரு சின்னது, முக்குலதான் நிறுத்த முடிஞ்சது. செண்பகம், "வாங்க அத்தான்"னு சொம்புல தண்ணி குடுத்தா. ஆவுடை கையில கட்டோட உக்காந்து ஒத்தக் கையால பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தா. நல்லாத்தான் இருந்தா. கொஞ்சம் சதைகூட வச்சிருந்தா.

"கிளம்புவமா?"ன்னேன்.

"அந்த மனையை வாங்கினவங்க வீடு கட்டிட்டாங்களா?"ன்னு கேட்டா.

"கட்டிட்டான். ரெண்டு மாடி. முன்வாசலே விடல, ரோடு வரைக்கும் இழுத்துக் கட்டியிருக்கான். ரசனை கெட்ட பய."

"முருங்கை?"

"அது எப்பமோ வெட்டியாச்சு."

பூண்டை உரிச்சுக்கிட்டே, "என் தகரப் பெட்டியை மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க"ன்னா. வண்டி தெருமுக்குலதான் நிக்கி, பெட்டியும் உள்ளதான் இருக்கு. நான் எடுத்துக் குடுக்கல அண்ணாச்சி. பெட்டி என்கிட்ட இருந்தாத்தான அவ வருவா? அதையும் குடுத்துட்டா நான் எதைக் காட்டிக் கூப்பிட? சாவியைத் தொலைச்சிட்டேன்னு சொல்லிட்டேன். சாவி இந்தா, இடுப்புலதான் கிடக்கு.

அப்புறம் புதுப் பந்தலைப் பத்திச் சொன்னேன். மதுரையில ஒருத்தன் செய்யுதான், காத்து அடிச்சா அதுவே தெரிஞ்சுக்கிட்டு அதுவே மடங்கிரும், நீ பிடிக்கவே வேண்டாம், ஒரு விரலைக்கூடத் தூக்க வேண்டாம்னு. அவ நிமிர்ந்து என்னைப் பாத்தா. "மாட்டிக்கிட்டு நீங்க உக்காருங்க"ன்னா. மாட்டச் சொல்லிட்டா, பாத்துக்கிடுங்க. அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டுத்தான் இன்னைக்குக் கிளம்பியிருக்கேன். பழைய கையைக் கொண்டா, அளவு பாக்கணும்னு மதுரைக்காரன் சொன்னான்.

இது எந்த ஊரு? கடையநல்லூர் தாண்டிட்டா? அப்ப அடுத்தது புளியங்குடிதான்.

இல்ல, நான் இறங்கல. செண்பகத்துக்குக் காலையிலயே போன் பண்ணினேன், இந்த பஸ்ஸுலதான் போறேன், அக்காட்டச் சொல்லுன்னு. சொல்லுதேன் அத்தான்னா. ஆவுடை எதுக்கு வரப்போறா? கட்டு இன்னும் பிரிக்கல. வெயிலு வேற. ஆனா பஸ் கொஞ்ச நேரம் நிக்கும்லா இங்க. நீங்க ஜன்னலோரமா இருக்கீங்க. இடது கையைத் தொட்டில் மாதிரி கட்டித் தொங்க விட்டிருப்பா. மெலிஞ்ச ஆளு. கொஞ்சம் பாருங்களேன். எனக்குப் பாக்க ஒரு மாதிரியா இருக்கு.

இருக்காளா? எங்க? எங்க அண்ணாச்சி?

ஆமா. அவதான்.

ஆவுட. இங்க, இந்த ஜன்னல். இந்தா. வெயில்ல எதுக்கு வந்த நீ? கை எப்பிடி இருக்கு? சாப்பிட்டியா? நான் சாப்பிட்டேன், சாப்பிட்டேன். மதுரைக்குத்தான், ஆமா, அதுக்குத்தான். நாளைக்கே திரும்பிருவேன்.

என்னது? கேக்கல, இஞ்சின் சத்தம். இறங்கவா? இப்பமா? இறங்கி வீட்டுக்கு வரவா? அங்கனயே, உங்ககூடவே இருக்கவா?

இந்தா வாரேன் ஆவுட. இரு, இந்தக் கம்பியை எடுத்துக்கிடுதேன். கண்டக்டர், ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் சார், விசில் குடுத்துராதீங்க. அண்ணாச்சி, அந்த முனையைக் கொஞ்சம் தள்ளுங்க. சீட்டுக்கால்ல மாட்டிக்கிட்டு. வளைஞ்சதுலா, வர மாட்டேங்குது. என்ன சொல்லுத? அதை விட்டுட்டா? அதை விட்டுட்டு எப்பிடி ஆவுட? உனக்குத்தான இது. அளவு பாக்கணும்லா. இரு, வந்துட்டு, பாதி வந்துட்டு. சார், வண்டியை எடுக்காதீங்க சார். என் வீட்டுக்காரி கூப்பிடுதா. இந்தா, இந்தா வருது, கொஞ்சம் இழுத்தா.

போச்சு.

இல்ல, வேண்டாம். அடுத்த ஸ்டாப்புல இறங்கி என்ன செய்ய? அதுக்குள்ள அவ போயிருவா. இனிமே எங்க வரப்போறா. மதுரைக்குப் போய்ச் சரி பண்ணிட்டே வந்துருதேன். சரி பண்ணிட்டு வந்தா எல்லாம் சரியாயிரும், இல்லையா? நீங்க சொல்லுங்க.

அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் தலையை நீட்டிப் பின்னால பாருங்களேன். எனக்குக் கண்ணு மறைக்கி. நிக்காளா?

இன்னும் அங்கனயே நிக்காளா?